அப்பாவின் வீடியோ நாடாக்களைக் காப்பாற்றப் போய்

சிங்கப்பூரில் ஸ்டோர் ரூமில் பழைய வீடியோ நாடா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அந்த அறைக்குள் போங்கள். எனக்கு இதில் 500 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலேயே போயிற்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஓயும்வரை சனி, ஞாயிறு எதுவும் என் கையில் இல்லை. பணத்தைவிட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததுதான் பெரிய களைப்பு. தெரிந்தவர் ஒருவர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு அங் மோ கியோ நாலறை வீடு அம்மாவுக்குப் பெரிதாகிவிட்டது. அதை விற்றுவிட்டு, என் வீட்டுக்குப் பக்கத்தில் பொங்கோலில் ஈரறை வீட்டுக்கு மாறுவதென்று முடிவானது. மறுவிற்பனை விண்ணப்பத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) ஏற்றுக்கொண்டால் சுமார் 8 வாரத்தில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அண்ணன் மெல்பர்னில் இருக்கிறார். காணொளி அழைப்பில் ஸ்டோர் ரூமைக் காட்டினால், “எல்லாத்தையும் தூக்கிப் போடும்மா, யாரு பார்க்கப் போறா” என்பார். ஐந்து நிமிடம் கழித்து, “ஆமா, என் கேரம் போர்டு இருக்கா?” என்று கேட்பார். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே குப்பை, அவர்களுடையது மட்டும் நினைவுப் பொருள். எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்டோர் ரூமில் கீழ்த்தட்டு முழுக்க விளையாட்டுச் சாமான்கள். கேரம், பாட்டியின் பல்லாங்குழி, மூலை கிழிந்த சாய்டினா பெட்டி, பல்கலைக்கழக நாட்களில் நான் வாங்கிச் சேர்த்த கட்டான், கார்கசோன் வகையறா. மேல்தட்டு முழுக்க அப்பாவின் நாடாக்கள். அப்பாவைச் சினிமாப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. சினிமாவைச் சேர்த்துவைக்கும் பைத்தியம். தொலைக்காட்சியில் வரும் தமிழ்ப் படம், ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் எடுத்த பழைய மலாய்ப் படம், எதுவானாலும் பதிவு செய்துவிடுவார். அந்த மலாய்ப் படங்களில் பலவற்றை பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்கள் எடுத்தார்கள் என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் விடமாட்டார். 1978இல் வந்த ‘ப்ரியா’ சிங்கப்பூரில் எடுத்த படம். அப்பா அதில் கதையை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் தெருவைத்தான் பார்ப்பார். படத்தை நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து, “இப்ப இந்த இடம் இல்லை” என்பார். அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்த இடங்களெல்லாம் இன்றைக்குக் கோடு கோடாகத் தெரிகின்றன. படம் நின்றாலும், நாடாவை ஓட்டும் கருவியான விசிஆருக்குள் படத்தைப் படிக்கும் தலைப்பகுதி சுழன்றுகொண்டேதான் இருக்கும், நாடாவின் அதே இடத்தை உரசியபடி.

அம்மாவும் அண்ணன் கட்சிதான். “படமெல்லாம் இப்பதான் ஃபோன்லயே வருதே. கல்யாணக் கேசட்டை மட்டும் எடுத்துக்க” என்றார். நியாயம்தான். குப்பைப் பையை விரித்து, படப் பெயர் எழுதியதையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பழைய சிவாஜி படத்தின் லேபிளில், பேனாவால் எழுதிய படப் பெயருக்குக் கீழே, பென்சிலில் மங்கலாக “தீபா. 93” என்று இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “யாரு இந்த தீபா?” என்று என்னைக் கேட்டார். குரலே மாறிவிட்டது. அப்பாவின் அலுவலகத்தில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கும் ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது என்பதை மறைக்கவில்லை. பிறகுதான் 1993 தீபாவளிக்கு மாமா கேம்கார்டர் கடன் வாங்கி வந்தது நினைவுக்கு வந்தது. கேம்கார்டரில் எடுத்ததை அப்பா விசிஆரில் இணைத்துப் பெரிய நாடாவுக்கு மாற்றுவார். புது நாடா எதற்கு வாங்க வேண்டும்? படம் முடிந்து மிச்சம் இருக்கும் இடத்தில் தீபாவளி.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: படப் பெயர் இருக்கிறது என்பதற்காக எந்த நாடாவையும் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், நாடாவே குறிப்புக் கொடுக்கும். லேபிள் ஒட்டும் முதுகுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த நாடாவில் மறுபடி பதிவு செய்ய முடியாது. கடையில் படமாகவே விற்ற நாடாக்களில் அது தொடக்கத்திலிருந்தே இருக்காது. வீட்டில் வாங்கிய வெற்று நாடாவில் அது உடைந்திருந்தால், யாரோ வேண்டுமென்றே பாதுகாத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் படங்களில் முக்கால்வாசிக்கு அப்பா அதை உடைக்கவில்லை. உடைத்திருந்த நாடாக்கள் அநேகமாக எல்லாவற்றிலும் வால்பகுதியில் நாங்கள் இருந்தோம். இன்னொரு கணக்கு, இ-180 என்று போட்டிருந்தால் 3 மணி நேர நாடா. அதில் இரண்டேகால் மணி நேரப் படம் இருந்தால் மிச்சம் முக்கால் மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாடாக் கூட்டின் சன்னல் வழியாகத் தெரியும் சுருளை வைத்தே, எதுவரை சுற்றிப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் ஓரளவு புரியும்.

அந்தச் சன்னல் வழியாகத்தான் அடுத்த பிரச்சினையும் தெரிந்தது. கறுப்புச் சுருளின் மேல் அரிசி மாவு தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாக. பூஞ்சணம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 82 விழுக்காடு, விடியற்காலையில் 90ஐத் தாண்டும். காற்றோட்டம் இல்லாத அறையில் அட்டைப் பெட்டிக்குள் வைத்த எதுவும் முப்பது வருடம் சுத்தமாக இருக்காது. இதில் அவசரப்பட்டு அந்த நாடாவை விசிஆரில் போட்டால் மூன்று கேடு. ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியாமல் நாடா அறுந்து போகலாம். தூள் எழுந்து விசிஆரின் தலைப்பகுதியை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அதே விசிஆரில் போடும் நல்ல நாடாக்களுக்கும் பூஞ்சணம் தொற்றும். முதலில் தொடாமல் தனியே பிரித்து வையுங்கள், வெள்ளை படிந்தது ஒரு பெட்டி, சுத்தமானது ஒரு பெட்டி. வீடு மாறும் அமளியில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தால் போதும், மற்றது பிறகு பார்க்கலாம்.

நான் முதலில் போனது ஒரு கடைக்கு. நாடாவை டிஜிட்டலாக மாற்றித் தருவதாக விளம்பரம் செய்பவர்கள். ஒரு நாடாவுக்கு 25 வெள்ளி என்றார்கள், கல்யாண நாடா உட்பட நாலைந்தைக் கொடுத்து 60 வெள்ளி முன்பணம் கட்டினேன். வாரங்கள் ஓடின. கேட்டால் “வரிசையில் இருக்கிறது” என்றார்கள். கடைசியில், பூஞ்சணம் இருப்பதால் செய்ய முடியாது, முன்பணம் பரிசோதனைக் கட்டணம் என்று சொல்லி நாடாக்களை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கல்யாண நாடாவின் மூடிக்குள் நாடா அறுந்து தொங்குகிறது. போட்டுப் பார்த்திருக்கிறார்கள், சொல்லவில்லை. அன்றைக்கு எம்ஆர்டியில் அழுதேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். அழாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். கடைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். வேலையை இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? பூஞ்சணம் இருந்தால் என்ன செய்வீர்கள், அதற்குக் கட்டணம் என்ன? எதுவும் வரவில்லையென்றால் முன்பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதலில் போனால் போகட்டும் என்கிற ஒரு நாடாவைக் கொடுத்துப் பாருங்கள். கல்யாணத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல கடைகள் இல்லாமல் இல்லை, அவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

சரி, நாமே செய்வோம் என்று விசிஆர் தேடினேன். எங்கள் வீட்டு விசிஆரை அம்மா என்றைக்கோ பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டார். புதிதாகவும் வாங்க முடியாது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆக, பழையதுதான் கதி. இணையத்தில் ஒருவர் 120 வெள்ளிக்கு விற்றார். “நன்றாக ஓடுகிறது” என்று நீலத் திரை தெரியும் படம் போட்டிருந்தார். நீலத் திரை வந்தால் மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் பொருள். சுத்தமான பெட்டியிலிருந்த ஒரு நாடாவையே அது தின்றது. உள்ளே இருக்கும் ரப்பர் பட்டைகளும் உருளைகளும் வயதாகி இறுகிப்போயிருந்தன. விற்றவர் பிறகு பதில் சொல்லவேயில்லை. இரண்டாவது விசிஆருக்கு விவரமாகக் கேட்டேன்: ஒரு நாடாவைப் போட்டு, ஓடவிட்டு, பின்னோக்கிச் சுற்றி, வெளியே எடுப்பதுவரை ஒரே காணொளியாக எடுத்து அனுப்புங்கள் என்று. சிலர் கோபித்துக்கொண்டார்கள். அனுப்பியவரிடம் 180 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அது இன்றுவரை ஓடுகிறது.

பூஞ்சணத்தைத் துடைப்பதற்கு முன்னால் காய வைக்க வேண்டும், இது தெரியாமல் ஈரத்தோடு துடைத்தால் பசைபோல் இழுபடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் நிறையப் போட்டு, நாடாக்களை உறை இல்லாமல் நிறுத்தி, சில வாரம் மூடி வைத்தேன். கூடவே ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று, சில வெள்ளிதான். 40, 45க்கு இறங்கிய பிறகு வெள்ளைப் படலம் பொடியாகிவிட்டது. அப்புறம் தாழ்வாரத்தில், மழை இல்லாத காலையில், அண்டை வீட்டுத் துணி காயாத நேரமாகப் பார்த்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முகக்கவசம் கட்டாயம், ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலைக்கே வரவேண்டாம். நாடாப் பெட்டியின் அடியில் ஐந்து திருகாணி. மேல்மூடியைத் தூக்குவதற்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளி எங்காவது போய்விடும். தும்பு விடாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுருளின் விளிம்பைத் துடைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். 99 விழுக்காடு வாங்குங்கள். பெட்டி மிகவும் அழுக்காக இருந்தால் வேறொரு வெற்று நாடாவின் கூட்டுக்குள் இந்தச் சுருள்களை மாற்றிவிடலாம். அறுந்த கல்யாண நாடாவை அப்படித்தான் ஒட்டினேன். கசங்கிய துண்டை வெட்டியதில் மாப்பிள்ளை அழைப்பில் சில நொடி போயிற்று, போகட்டும். ஒட்டுவதற்கு அதற்கென்றே விற்கும் நாடாதான் வேண்டும். சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து விசிஆரின் தலையில் ஒட்டும்.

கணினிக்கு மாற்றுவது பொறுமைக்குப் பரீட்சை. மூன்று மணி நேர நாடா என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. மலிவான யுஎஸ்பி கருவி வாங்கினேன். படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே வந்தது. நிறமெல்லாம் அழிந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கூட விட்டேன். விஷயம் வேறு. நாம் இங்கே பயன்படுத்தியது பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 சட்டகம். கருவியோடு வந்த மென்பொருள் அமெரிக்கர்களின் என்டிஎஸ்சி முறையில் இருந்தது. ஒரு பெட்டியில் ஒரு தேர்வை மாற்றியதும் அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை அரக்காகிவிட்டது. 720க்கு 576 என்ற அளவில் பதியுங்கள், அதற்குமேல் கூட்டுவதால் பயன் இல்லை. நாடா ஓட ஓட ஒலி வாய் அசைவுக்குப் பின்னால் தங்கினால் கருவியை மாற்றுங்கள், நேரத்தைத்தான் வீணாக்கும். படங்களை மாற்றுவதில் நான் நேரம் செலவழிக்கவில்லை. விற்பனை நாடாக்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் குறியீடு இருந்தால் படம் மங்கி மங்கி எரியும், தவிர அது உரிமை உள்ளவர்களின் சொத்து. நம்முடையது வால்பகுதி மட்டும்தான்.

விளையாட்டுப் பெட்டிகளுக்கும் இதே கதி. கேரம் பலகை ஒரு மூலையில் உப்பிவிட்டது. கட்டானின் அறுகோண அட்டைகள் கிண்ணம்போல் குழிந்திருந்தன. அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதே உலர்பெட்டியில் வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்ததில் ஓரளவு நேரானது. பூஞ்சணம் ஏறிய அட்டைப் பெட்டிகளைக் காப்பாற்ற முயலாதீர்கள். வெளியே துடைத்தாலும் உள்ளே இருந்து திரும்ப வரும். மூடியின் படத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, உள்ளிருப்பதைப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினேன். சேகரிப்பவர்கள் இதைக் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள், எனக்கு விளையாடினால் போதும். அட்டைகளை உறையில் போடுவதானால் காய்ந்த பிறகு போடுங்கள். மழை நாளில் போட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள்.

1993 தீபாவளியில் என்ன இருந்தது என்று சொல்லவில்லையே. பெரும்பகுதி மாமாவின் கட்டைவிரல். மற்றதில் கூடத்துத் தரையில் பாட்டியும் நானும் பல்லாங்குழி ஆடுகிறோம். பலகை உண்மையில் கேலாங் சிராயில் வாங்கிய சொங்காக் பலகை. இரண்டு பக்கமும் ஏழேழு குழி, ஓரத்தில் இரண்டு பெரிய குழி. மலாய் முறையில் சுற்றி வரும்போது தன் பக்கத்துப் பெரிய குழியிலும் ஒன்று போடுவார்கள். பாட்டி அந்தக் குழிகளைத் தொடவே மாட்டார், வென்ற காய்களைக் கொட்டி வைக்க மட்டும்தான். காய்கள், மரத்தடியில் பொறுக்கிய சிவப்பு மஞ்சாடி விதைகள். ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் பாட்டி “பசு!” என்று சொல்லி அள்ளுகிறார். அது என் பக்கத்துக் குழி. நான் கத்துகிறேன். அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து, “உன் பக்கத்துப் பசு உனக்குத்தான், பாட்டி ஏமாத்துறாங்க” என்கிறார். பாட்டி கேமராவைப் பார்த்து, “நீ படத்தைப் பிடி” என்கிறார். அப்பா எடுத்த படங்களில் அப்பா இருக்கமாட்டார், குரல்தான் இருக்கும். படம் மோசமாக இருக்கிறது என்று எந்தப் பகுதியையும் அழித்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். திரை முழுக்கக் கோடாக இருந்த ஒரு கால்மணி நேரத்தில் ஒலி தெளிவாக இருந்தது.

இந்தப் பலகை இப்போது அம்மாவின் புது வீட்டில் அலமாரியில் இருக்கிறது, வீட்டோடு கட்டிய பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் அல்ல. புது வீட்டுக்காரர்கள் எல்லாரும் அந்த இரும்புக் கதவுக்குள்தான் பழைய சாமானை அடைக்கிறார்கள். கதவை மூடி வைத்தால் காற்றே நகராது. துடைப்பம், சூட்கேஸ் வைத்துக்கொள்ளுங்கள். காகிதம், நாடா, நிழற்படம், அட்டை விளையாட்டு எதையும் அங்கே வைப்பதானால் உலர்பெட்டிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

கோப்புகளை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் நசுங்கிவிடுகிறது. தம்ப் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகிக் கொடுத்தேன். ஃபேட்32 முறையில் இருக்கும் டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, அதனால் நிகழ்ச்சி நிகழ்ச்சியாக வெட்டி, கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் ஆட்களையும் எழுதினேன். “தீபா.” என்று சுருக்கவில்லை. அண்ணனும் இப்போது ஒரு பிரதி கேட்கிறார். வன்தட்டுச் செலவும் அஞ்சல் செலவும் அவர் கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

செய்தி மலேசியாவில் குளுவாங்கில் இருக்கும் அத்தைவரை போய்விட்டது. அவர் வீட்டிலும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம், விசிஆர்கூட இருக்கிறதாம். பெட்டியை அப்படியே மூடி வையுங்கள், நான் வந்து பார்க்கும்வரை எதையும் போட்டுப் பார்க்காதீர்கள் என்று பதறிப்போய்ச் சொன்னேன். “நேத்தே எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேனே” என்றார் அத்தை.